வைல்டிங்கின் கோடைகள்

விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் வெற்றியாளர் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டு வருகிறவர்களின் விரல் ஓரிடத்தில் தயங்கும். 1910, 1911, 1912, 1913 என நான்கு வரிகளில் ஒரே பெயர்: ஆண்டனி வைல்டிங். 1914இல் நார்மன் புரூக்ஸ். அதற்கப்பால் நான்கு ஆண்டுகளுக்குப் பெயரே இல்லை. ஐரோப்பா தன் இளைஞர்களைப் பதுங்குகுழிகளில் புதைத்துக்கொண்டிருந்த காலம் அது. விம்பிள்டனில் போட்டி நடக்கவில்லை. 1919இல் பட்டியல் மீண்டும் தொடங்கும்போது, நான்கு முறை வந்த பெயருக்கு உரியவர் இறந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. வடக்கு பிரான்சின் ரிஷ்பூர் கிராமத்தையொட்டிய படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அவர் கிடக்கிறார். இன்று அவரை நினைவுகூர்வோர் சிலரே. எனினும் அந்த 31 வயது வாழ்க்கையைச் சற்றுப் பொறுமையாகத் திரும்பிப் பார்த்தால், விளையாட்டு என்று நாம் இன்று அழைக்கும் இந்தப் பெரும் ஏற்பாட்டின் தொடக்கமும், அதற்குள் அன்றே விழுந்துவிட்ட கீறல்களும் கண்ணுக்குத் தெரிகின்றன.

1883 அக்டோபரில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தார் வைல்டிங். தந்தை ஃப்ரெடரிக் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயர் பகுதியிலிருந்து 1879இல் குடியேறிய வழக்கறிஞர். கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் கைதேர்ந்தவர். தாய் ஜூலியா பியானோ வாசிப்பில் தேர்ந்தவர். தங்கள் வீட்டுக்குத் தாய்நாட்டுக் கிராமம் ஒன்றின் பெயரையே வைத்தார்கள்: ஃபவுன்ஹோப். அந்த வீட்டு வளாகத்திலேயே டென்னிஸ் களங்கள் இருந்தன. பையன் மட்டையைப் பிடித்தது அங்கேதான். 17 வயதில் கேன்டர்பரி மாகாணப் பட்டத்தையும் வென்றுவிட்டான். அழகான குழந்தைப் பருவம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புல்தரை விரிந்து கிடந்த மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. ஙாய் தஹு என்னும் மாவோரி இனத்தாரிடமிருந்து 1848இல் ஆங்கிலேய அரசு வெறும் 2,000 பவுண்டுக்கு எழுதி வாங்கிய பெருநிலப்பரப்பின் ஒரு துண்டு அது. தருவதாகச் சொன்ன ஒதுக்கீட்டு நிலங்களைக்கூட ஒழுங்காகத் தரவில்லை. அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக முறையிட்டு, 1998இல்தான் அரசின் மன்னிப்பையும் இழப்பீட்டையும் பெற்றார்கள். வைல்டிங் என்ற சிறுவன் இதற்குப் பொறுப்பாளியல்ல. ஆனால் பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விளையாட்டை விளையாட்டாகவே ஆடும் வாய்ப்பு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், விடையைத் தேடி அந்த மண்ணுக்குள்ளும் தோண்ட வேண்டியிருக்கிறது.

1902இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் படிக்கப் போனார். 1906இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். வழக்கறிஞர் தொழிலில் தந்தையின் நாற்காலி காத்திருந்தது. மகனுக்கோ கோடைகள் காத்திருந்தன. அந்தக் காலத்து ஐரோப்பாவில் டென்னிஸ் ஒரு சுற்றுலாப் பருவம் போல நகர்ந்துகொண்டே இருந்தது. குளிர்காலத்தில் தெற்கு பிரான்சின் ரிவியரா, வசந்தத்தில் பாரிஸ், கோடையில் இங்கிலாந்து, அதன்பின் ஜெர்மனியின் நீரூற்று நகரங்கள். இவற்றுக்கிடையே பலர் முதல் வகுப்பு ரயில் பெட்டியில் பயணம் செய்தபோது வைல்டிங் மோட்டார் சைக்கிளில் போனார். பேட்-ஜாப் என்ற ஆங்கிலேய வண்டி அவருடையது. 1908இல் பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை நடந்த மோட்டார் சைக்கிள் பயணப் போட்டியிலும் கலந்துகொண்டார். தார் காணாத சாலைகள், கழன்று விழும் வார்ப்பட்டைகள், அடிக்கடி வெடிக்கும் டயர்கள். தாமே பழுது பார்த்துக்கொண்டு, புழுதி படிந்த முகத்தோடு ஓர் ஊருக்குள் நுழைந்து, மறுநாள் வெள்ளை ஃபிளானல் கால்சட்டை உடுத்தி அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் முன்னால் ஆடுவார். ஸ்வீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் அவரோடு ஆடியவர். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ஆர்தர் பால்ஃபர் அவருடைய டென்னிஸ் நண்பர். அமெரிக்க நாடக நடிகை மேக்ஸின் எலியட்டோடு அவர் கொண்டிருந்த நட்பைப் பற்றிச் செய்தித்தாள்கள் ஓயாமல் பேசின.

இத்தனைக்கும் அவர் பிறவி மேதை அல்ல. பேக்ஹேண்ட் பலவீனமானது என்று அறிந்து அதை அடியோடு மாற்றியமைத்துக்கொண்டவர். புகையும் மதுவும் தொடாதவர். ஐந்து செட்டுக்கும் அசையாத உடலை உழைத்தே உருவாக்கினார். இன்றைய பயிற்சியாளர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு, அதிகம் பயிற்சி செய்வதே கொஞ்சம் நாகரிகக் குறைவு என்று கருதிய கூட்டத்தினிடையே அது விசித்திரமானது. 1912இல் எழுதிய தம் நூலில் ஆட்டத்தைப் பற்றியும் ஆட்டத்துக்கு வெளியே வாழ்ந்த வாழ்வைப் பற்றியும் சம அக்கறையோடு எழுதினார். வழக்கறிஞர், பயணி, எழுத்தாளர், இயந்திரப் பித்தர், டென்னிஸ் வீரர் என எல்லாமாகவும் ஒருவர் ஒரே நேரத்தில் இருக்க முடிந்தது. எனக்கு அந்தக் காலத்தின் மீது ஏதேனும் ஏக்கம் உண்டென்றால் அது இதற்காக மட்டுமே. இன்று ஆறு வயதில் மட்டை பிடிக்கும் குழந்தை பதினான்கு வயதில் வேறெதுவும் ஆக முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் அமெச்சூர் என்ற அந்த வெள்ளைச் சட்டைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பணத்துக்காக ஆடாதவரே போட்டியில் கலந்துகொள்ளலாம் என்பது விதி. கற்றுக்கொடுத்துக் கூலி வாங்குகிறவருக்கு அந்தக் களத்தில் இடமில்லை. இந்தியாவின் ஜிம்கானாக்களில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டுப் பழக்கிய மார்க்கர்களில், வாய்ப்புக் கிடைத்திருந்தால் பட்டம் வென்றிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேரோ; அவர்களுடைய பெயரைக் குறித்துவைக்க எவருக்கும் தோன்றவில்லை. தூய்மை என்று போற்றப்பட்ட விதி, பிழைப்புக்கு உழைக்க வேண்டியிருந்தவர்களை வெளியே நிறுத்திய வேலியாகவும் இருந்தது. வேலிக்கு உட்பக்கம் பிறந்தவர்களில் வைல்டிங் மிக நேர்மையானவர், மிக உழைத்தவர். வேலியை எழுப்பியவர் அவரல்ல. ஆனால் அதன் நிழலில்தான் அந்தக் கோடைகள் அத்தனை குளிர்ச்சியாக இருந்தன.

பட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்த ஆஸ்திரலேசியப் பட்டம் 1906லும் 1909லும். விம்பிள்டன் இரட்டையர் நான்கு முறை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் உள்ளரங்கப் போட்டியில் வெண்கலம். அன்றைய விம்பிள்டனில் முந்தைய ஆண்டு வென்றவர் கடைசி ஆட்டத்தில் மட்டும் இறங்கினால் போதும். மற்றவர்கள் தங்களுக்குள் மோதி ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். இந்த ஏற்பாடு 1922இல் ஒழிந்தது. எனவே வைல்டிங்கின் நான்கு தொடர் வெற்றிகளை இன்றைய அளவுகோலில் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. ஆயினும் 1913இல் அவர் ஆடிய ஆட்டத்துக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை. கலிபோர்னியாவின் வால்மீன் என்று பெயரெடுத்த மாரிஸ் மெக்லாக்லின், எவராலும் எடுக்க முடியாத சர்வீஸோடு வந்திருந்தார். வொர்ப்பிள் ரோட்டில் இருந்த பழைய மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. 8-6, 6-3, 10-8 என்று நேர் செட்களில் முடித்தார் வைல்டிங். அதே ஆண்டு, களிமண் தரைக்கும் உள்ளரங்கத்துக்கும் நடந்த உலகப் பட்டங்களையும் வென்றார். ஒரே ஆண்டில் மூன்று வகைத் தரையிலும் உலகில் முதல்வர்.

1914இன் கோடை, பின்னாலிருந்து பார்க்கும் நமக்கு மட்டுமே பயங்கரமாகத் தெரிகிறது. அன்று அதை வாழ்ந்தவர்களுக்கு அது இன்னொரு கோடை. ஜூன் மாதம் பாரிஸை ஒட்டிய களிமண் களத்தில் வைல்டிங் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். அங்கேயே பெண்கள் பட்டத்தை 15 வயதுச் சிறுமி சூசன் லெங்லென் வென்றாள். ஜூன் 22ஆம் தேதி விம்பிள்டன் தொடங்கியது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 28 அன்று, சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். திங்கட்கிழமை ஆட்டங்கள் தொடர்ந்தன. ஜெர்மனியின் ஓட்டோ ஃப்ராய்ட்ஸ்ஹைம் ஐந்து செட் போராடி புரூக்ஸிடம் தோற்றார். இறுதியில் வைல்டிங்கும் தம் பழைய தோழரான புரூக்ஸிடமே தோற்றார். பிறகு வைல்டிங்கும் புரூக்ஸும் இரட்டையரில் ஒன்றாக இறங்கிப் பட்டம் வென்று, டேவிஸ் கோப்பைக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

அங்கே, பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய கிளப் ஒன்றில், ஆஸ்திரலேசியாவும் ஜெர்மனியும் மோதின. ஒரு பக்கம் வைல்டிங், புரூக்ஸ். மறுபக்கம் ஃப்ராய்ட்ஸ்ஹைம், ஆஸ்கர் க்ராய்ட்ஸர். ஆட்டம் முடிந்த ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் ஜெர்மனி ரஷ்யா மீது போர் தொடுத்தது. ஆட்டம் முடியும்வரை செய்தி வீரர்களின் காதுக்கு எட்டாதபடி கிளப்பார் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். வலைக்கு மேலே கைகுலுக்கிவிட்டு ஜெர்மானியர் இருவரும் ஊருக்குக் கப்பலேறினர். ஜிப்ரால்டரில் ஆங்கிலேயக் கடற்படை அவர்களை இறக்கிச் சிறைப்பிடித்தது. வைல்டிங் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் கோப்பையின் இறுதி ஆட்டத்தை ஆடினார். அவர் அங்கே வென்ற நாரிஸ் வில்லியம்ஸ், இரண்டாண்டுக்கு முன் டைட்டானிக் மூழ்கியபோது உறைநீரிலிருந்து மீட்கப்பட்டு, கால்களை வெட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை மறுத்து எழுந்து நடந்தவர். கோப்பையை ஆஸ்திரலேசியா வென்றது. அந்த மூன்று வாரங்களில் ஒரே களத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற மனிதர்களை வரலாறு எப்படியெல்லாம் பிய்த்தெறியத் தொடங்கியிருந்தது!

அக்டோபரில், கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் யோசனைப்படி வைல்டிங் ராயல் மரீன்ஸ் படையில் சேர்ந்தார். ஐரோப்பிய சாலைகளை மோட்டார் சைக்கிளில் அளந்தவர் என்பது இப்போது உதவியது. உளவுப் பிரிவில் ஓட்டுநர் வேலை, பின்பு கவச மோட்டார்ப் பிரிவு. நட்புக்காகவும் போட்டிக்காகவும் கடந்த அதே ஊர்ப்பெயர்கள் இப்போது போர் வரைபடத்தில் வந்தன. 1915 மே 2 அன்று கேப்டன் ஆனார். மே 8 அன்று எழுதிய கடிதத்தில், தமக்கு இட்டிருக்கும் பணி தம்மையும் பீரங்கியையும் ஒருங்கே அழித்துவிடக்கூடியது, ஆனால் கைகூடினால் காலாட்படைக்குப் பெருந்துணையாகும் என்று பதற்றமின்றித் தெரிவித்திருந்தார். மறுநாள் விடியலில் ஓபேர் மேட்டைப் பிடிக்கும் தாக்குதல் தொடங்கியது. நாற்பது நிமிடம் குண்டு மழை, அதுவும் போதிய குண்டுகள் இல்லாத மழை. எதிரியின் முள்வேலிகள் அறுபடாமல் நின்றன. அன்று ஒரே பகலில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் 11,000 பேருக்கு மேல். கைக்கு வந்த நிலம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால், வைல்டிங் இருந்த பதுங்குகுழியின் கூரைமேல் விழுந்து வெடித்தது ஒரு குண்டு.

குண்டுப் பற்றாக்குறை லண்டனில் பெரும் அரசியல் புயலானது. கல்லிப்போலிப் படையெடுப்பின் பின்னடைவும் சேர்ந்துகொள்ள, அம்மாதமே சர்ச்சில் பதவி இழந்தார். அந்த நாற்காலிக்கு வந்தவர் பால்ஃபர், வைல்டிங்கோடு ரிவியராவில் டென்னிஸ் ஆடிய அதே பால்ஃபர். ஆட்சி செய்தவர்களும் ஆடியவர்களும் செத்தவர்களும் எவ்வளவு சிறிய ஒரு வட்டத்துக்குள் இருந்தார்கள்!

ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களும் அங்கேயே செத்தார்கள். அதே மே 9 அன்று, அதே மேட்டின் தெற்குப் பக்கத்தில் இந்தியப் படையின் மீரட் டிவிஷன் தாக்குதலில் இறங்கி, முதல் சில நிமிடங்களிலேயே இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையானது. வைல்டிங் துயிலும் ரிஷ்பூரின் எல்லையிலேயே நிற்கிறது நவ் ஷப்பல் இந்திய நினைவகம். கல்லறை எதுவென்றே தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பஞ்சாபிலும் கர்வாலிலும் நேபாள மலையடிவாரத்திலும் உழவர்களாகவும் ஆயர்களாகவும் இருந்தவர்கள். வைல்டிங்குக்கு ஒரு கல்லறை இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறது, உலகெங்கும் அஞ்சலி எழுதினார்கள், மறு ஆண்டே வாழ்க்கை வரலாற்று நூல் வந்தது. கிறைஸ்ட்சர்ச்சில் அவர் பெயரால் டென்னிஸ் மைதானமே இருக்கிறது. அந்த 4,700 பேர் எந்த விளையாட்டில் வல்லவர்களாக இருந்தார்கள் என்று கேட்டறிய யாரும் இல்லை. இருவகை மரணத்தையும் ஒரே மண் ஏற்றுக்கொண்டது. அந்தப் பேரரசின் ஆட்டத்தையும் போரையும் சேர்த்தே பெற்றுக்கொண்டவர்களின் வாரிசுகள் நாம். இரண்டு கணக்கையும் சேர்த்தே வாசிக்க வேண்டியவர்கள்.

போர் முடிந்ததும் விளையாட்டும் நாடுகளைத் தண்டித்தது. 1927 வரை டேவிஸ் கோப்பையில் ஜெர்மனிக்கு இடமில்லை. அரசியலை விளையாட்டில் கலக்கக்கூடாது என்ற குரல் அன்றும் எழுந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் அதே குரல் அதே நியாயங்களோடு எழுகிறது. 1974இல் புனேயில் சோவியத் ஒன்றியத்தை வென்று டேவிஸ் கோப்பை இறுதிக்கு முன்னேறியது இந்திய அணி. சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்த அணியின் தூண்கள். எதிரே நின்றது நிறவெறி அரசு ஆண்ட தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்தும் அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அரிதாக வரும் வாய்ப்பை அந்த இளைஞர்கள் இழந்தார்கள். அந்த முடிவு சரியானது என்றே நான் எண்ணுகிறேன். அவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல என்றும் எண்ணுகிறேன். 2022இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்கு விம்பிள்டன் கதவடைத்தது. அவ்வாண்டு பெண்கள் பட்டத்தை வென்ற எலினா ரிபாக்கினா கஜகஸ்தானுக்காக ஆடியவர், மாஸ்கோவில் பிறந்தவர். மறு ஆண்டே கதவு திறந்தது. சுண்ணாம்புக் கோட்டை எவ்வளவு அழுத்திப் போட்டாலும் உலகம் அதைத் தாண்டி உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது.

அமெச்சூர் வேலியில் முதல் பெரும் ஓட்டையைப் போட்டவர், 1914இல் வைல்டிங்கோடு பாரிஸில் பட்டம் வென்ற அந்தச் சிறுமிதான். ஆறு முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற லெங்லென் 1926இல் பணத்துக்கு ஆடப் புறப்பட்டார். தம் ஆட்டத்தைக் காட்டி மற்றவர்கள் சம்பாதிக்க, ஆடுகிற தமக்கு மட்டும் எதுவும் இல்லையே என்று வெளிப்படையாகக் கேட்டார். கனவான்கள் முகம் சுளித்தார்கள். மெட்ராஸின் ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனபோதும் அந்த விதி அப்படியே இருந்தது; தொழில்முறைக்கு வந்த அழைப்பை மறுத்து அவர் அமெச்சூராகவே ஆடினார். 1968இல்தான் விம்பிள்டன் எல்லோருக்கும் திறந்தது.

இனி பணம் படைத்தவர் மட்டுமே ஆடும் நிலை ஒழியும் என்று நம்பினார்கள். உச்சியில் இருப்பவர்களுக்கு அது ஒழிந்தது உண்மைதான். 2023 செப்டம்பரில் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரர் சுமித் நாகல் தம் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று மனம் திறந்தார். பயிற்சியாளர், விமானச் சீட்டு, விடுதி என்று உலகச் சுற்றில் ஓராண்டு தாக்குப்பிடிக்க ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் வேண்டியிருந்தது. பரிசுப் பணம் அத்தனையும் அதிலேயே கரைந்துவிட்டது. வீட்டுப் பணம் உள்ளவர் தாங்குவார், இல்லாதவர் விலகுவார் என்ற பழைய விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாமல் திரும்பி வந்திருக்கிறது. நான்கு மாதம் கழித்து மெல்பர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனில், தகுதிச் சுற்றிலிருந்து எழுந்து வந்த நாகல், போட்டித் தரநிலை (சீட்) பெற்ற அலெக்சாண்டர் பூப்ளிக்கை முதல் சுற்றில் நேர் செட்களில் வீழ்த்தினார். பெரும் பட்டப் போட்டி ஒன்றின் ஒற்றையரில் போட்டித் தரநிலை பெற்ற வீரரை ஓர் இந்தியர் வெல்வது, 1989இல் ராமநாதனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் மாட்ஸ் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுவே முதல்முறை. இரண்டாம் சுற்றுக்கு வந்ததற்கான பரிசு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். மேலும் ஓராண்டு ஆடுவதற்கு அது போதுமானதாக இருந்தது.